அரசப்பன் முடிக்காத ஷிப்ட்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்துதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாங்கிய வெல்லத்தில் பாதி வழியிலேயே என் வாயில் கரைந்துவிட்டது என்பது உண்மை. அதற்காகச் சத்தியமும் பாதிதான் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். ஒரு சர்க்கரை வியாதிக்காரன் உயிரைப் பணயம் வைத்துச் செய்த சத்தியம் இது. சாதாரண சத்தியத்தைவிடக் கனம் கூடுதல்.

கும்மிடிப்பூண்டியில், இப்போது இல்லாத ஒரு ரசாயனக் கம்பெனியில் துளசிராமன் பாய்லர் ஆப்பரேட்டராக இருந்தார். நான் பிட்டர். அந்த பாய்லர் எப்படிப்பட்டது என்றால், அதன் பின்புறச் சந்தில் ஒண்டியிருந்த கோழி அவித்த முட்டைதான் இட்டது. உப்பு மட்டும் நாங்கள் போட்டுக்கொண்டோம். இதையே நம்பாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் காக்களூருக்கு, துளசிராமனின் வீட்டுக்குள் வாருங்கள்.

ஜெட்டை உதட்டில் வைத்து ஊதினார் துளசிராமன். காற்று போகவில்லை.

நிலக்கடலைப் பருப்பு அளவுள்ள பித்தளைத் துண்டு அது. கேஸ் பர்னருக்கு உயிர் அதில்தான் இருக்கிறது. அதன் மூக்கில் தலைமுடி நுழையுமளவுக்கு ஒரு துளை இருக்கும். அந்தத் துளை வழியாகத்தான் வாயு சீறி வந்து, காற்றோடு கலந்து, நீலத் தீயாக நிற்கும். துளை பெரிதானால் தீ மஞ்சளாகிப் புகையும். துளை இல்லாவிட்டால் தீயே இல்லை. துளசிராமன் மறுபடியும் கன்னம் உப்ப ஊதினார். மழை ஓயாமல் பெய்த ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை, ஜன்னலுக்கு வெளியே சாக்கடை நிறைந்து ஓடும் சத்தம், ஈரச் சுண்ணாம்பின் வாசம். வாயிலிருந்து எடுத்தபோது நாக்கில், பெரிய பாய்லரில் எரிக்கும் பர்னஸ் ஆயில் கசந்தது. விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். வெளிச்சப் புள்ளி தெரியவில்லை. வலது கண்ணில் புரை இருக்கிறது, ஆப்பரேஷனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறார், அதனால்தான் தெரியவில்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, ஜெட்டை மண்ணெண்ணெய் ஊற்றிய கிண்ணத்தில் போட்டு வைத்தார். அடைப்பு ஊறிக் கரையட்டும்.

அதை அவர் கண்டெடுத்தது கவரைப்பேட்டை பக்கம், நெடுஞ்சாலையோரத்துக் காயலான் கடையில். கம்பெனியை உடைத்து வந்த இரும்பெல்லாம் அங்கே மலையாகக் குவிந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, இரண்டு பஸ் மாறிப் போயிருந்தார். கடைக்காரி குப்பம்மாள் குடையை விரித்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

"இன்னா பெரியவரே, இன்னா தேடிக்கினு கீற?"

"ஒரு சின்ன பர்னர் செய்யறேம்மா. சாமான் வோணும். இதெல்லாம் எங்க கம்பெனிதுதான்."

"எங்கிட்ட வர்றவன் எல்லாம் அதத்தான் சொல்றான். அதுக்குன்னு சும்மாவா குடுக்க முடியும்?"

மீட்டர் லைனிலிருந்து கழற்றிய ஊசி வால்வு ஒன்று, ஒரு பித்தளைக் குழாய்த் துண்டு, பழைய கேஸ் ஹீட்டரிலிருந்து விழுந்த, தேன்கூடு மாதிரி ஓட்டைகள் உள்ள பீங்கான் பலகை ஒன்று என்று பொறுக்கிக்கொண்டே போனவர், குவியலின் அடியில் கை விட்டபோது ஜெட் விரலில் பட்டது. பெரிய பாய்லரின் தீயை மூட்டுவதற்கென்று ஒரு சின்ன பைலட் பர்னர் இருக்கும்; அதன் ஜெட். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மழையில் நனைந்து கிடந்த அந்த இரும்பு முழுக்கச் சில்லென்று இருக்க, அது மட்டும் வெதுவெதுவென்று இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். வெயில் அடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

குப்பம்மாள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எங்க கடைதே இல்ல. பித்தளய நான் மழையில போட்டு வெப்பனா? எட்த்துக்கினு போ," என்று திருப்பிக் கொடுத்தாள். கொடுத்த பிறகு உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

பர்னர் செய்வது சின்ன மாதிரி பாய்லர் ஒன்றுக்காக. பழைய செப்புக் குழாயை வெட்டி, இரண்டு பக்கமும் மூடி பற்றவைத்து, முழங்கை நீளத்தில் அவரே செய்த பாய்லர். பிரஷர் மீட்டர், சேப்டி வால்வு, தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸ், தலையில் ஒரு விசில் எல்லாம் உண்டு. ஸ்பிரிட் விளக்கை வைத்துப் பார்த்தார். தண்ணீர் சுட்டது, கொதிக்கவில்லை. நல்ல கேஸ் பர்னர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மகள் கல்பனா ஓசூரிலிருந்து காரோடு வருகிறாள். அவரைக் கூட்டிக்கொண்டு போக.

மனைவி செல்வி போன பிறகு அந்த வீட்டில் பேச்சு என்று ஒன்று இல்லை. பக்கத்து வீட்டில் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒடிசாப் பையன்கள் குடியிருந்தார்கள். ஒருவன் வரும்போது ஒருவன் போவான். அவர்கள் முகத்தைவிட அவர்கள் வீட்டுப் பூட்டுதான் துளசிராமனுக்குப் பழக்கம். காலையில் டீ போடும்போது இரண்டு டம்ளர் எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைப்பார். சில நாள் தன் குரல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே கொத்தமல்லி விற்பவரிடம் விலை கேட்பார். பாய்லர் என்பது யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய பொருள். அது அவருக்குப் பிடித்திருந்தது.

கல்பனாவின் போன் அன்றும் சாயங்காலம் வந்தது.

"நைனா, இன்னா பண்ற?"

"பர்னர் செஞ்சிக்கினு கீறேன்."

"இன்னும் அதேதானா? துணிய எட்த்து வெச்சியா இல்லியா?"

"வெச்சிட்டேம்மா. ஒரு பைதான்."

"மாடி ரூமுக்கு பேன் மாட்டியாச்சி. ஜன்னலத் தொறந்தா ரோடு. நாள் பூரா வேடிக்க பாக்கலாம். ஜானவி ஸ்கூல் பூரா சொல்லி வெச்சிகீறா, எங்க தாத்தா ரயில் விசில் ஊதுவாருன்னு. ஊதலன்னா உன் மானம்தான் போவும்."

"ஊதும், ஊதும்."

"ஞாயித்துக்கெழம வந்தவொடன கெளம்பணும் நைனா. மறுபடியும் அடுத்த வாரம், அடுத்த மாசம்னு பேஜார் பண்ணாத."

"இல்லம்மா. இந்த வாட்டி வந்துடறேன்."

போனை வைத்த பிறகும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பேன் மாட்டிய அறை. ரோடு. பேச்சுச் சத்தம். அவர் எத்தனையோ நாளாகத் தள்ளிப் போட்டது பிடிவாதத்தால் அல்ல. கூப்பிட்டுக்கொண்டே இருக்கட்டும் என்ற ஆசையால். இப்போது அந்த ஆசைக்கும் அலுத்துவிட்டது. போக வேண்டும்.

மண்ணெண்ணெயிலிருந்து ஜெட்டை எடுத்துத் துடைத்து, வால்வின் முனையில் திருகி, பித்தளைக் குழாயில் காற்றுக்கு ஓட்டை விட்டு, பீங்கான் பலகையைத் தகட்டுப் பெட்டியில் பதித்து, சின்ன கேஸ் டப்பாவில் இணைத்துத் தீக்குச்சியைக் காட்டினார். பற்றியது. அவர் வாழ்நாளில் அப்படி ஒரு தீயைப் பார்த்ததில்லை. அசையாத நீலம், பலகை முழுக்க ஒரே உயரத்தில் நிற்கும் நாற்றங்கால் மாதிரி. அடைப்பு கரைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்.

தீ முனகியது. எல்லாப் பர்னரும் முனகும். இது மட்டும் மூச்சு வாங்கி முனகியது.

தண்ணீர் கொதித்து, பிரஷர் மீட்டரின் முள் ஏறி, சேப்டி வால்வு துப்பியதும், விசிலின் கம்பியை இழுத்தார். விரல் நீள விசில். குருவி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பெருமையாக இருந்தது. கேட்க ஆள் இல்லாததால் இன்னொரு முறை இழுத்தார். அதன் பிறகு வால்வை மூடினார். தீ உடனே அணையவில்லை. மூடிய வால்வுக்கு அப்பால் குழாயில் தங்கிய வாயு எரிந்து தீரும் வரை நிற்கும், சரிதான். ஆனால் அது, அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவர் திரும்பியதும் அணைந்த மாதிரி இருந்தது. வீட்டில் பர்னஸ் ஆயில் நாற்றம். நனைந்த சாக்கு நாற்றம். அதற்கும் பின்னால், எங்கோ உயரத்தில், சேப்டி ஷூ போட்ட கால் ஒன்று இரும்புப் படியில் இறங்குகிற சத்தம். ஒரு படி, சற்று நிறுத்தம், இன்னொரு படி.

அந்த வீடு தரைத்தளம் மட்டும். இரும்புப் படி எதுவும் கிடையாது.

அவருக்கு அரசப்பன் ஞாபகம் வந்தது.

ஏன் வந்தது என்று புரிய வேண்டுமானால் பாய்லர்காரர்களின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எரிகிற பாய்லரை விட்டுவிட்டு யாரும் எழுந்து போக முடியாது. அடுத்த ஷிப்டுக்காரன், அதாவது ரிலீவர், வர வேண்டும். வந்து, கேஜ் கிளாஸின் அடியில் உள்ள பித்தளைத் திருகைத் தன் கையால் திறந்து மூட வேண்டும். தண்ணீர் சீறி வெளியேறும்; கண்ணாடியில் மட்டம் இறங்கும்; மூடியதும் பழைய இடத்துக்கு ஏறும். ஏறினால் கண்ணாடி பொய் சொல்லவில்லை என்று அர்த்தம். வாயால் ஆயிரம் சொல்லலாம், அதெல்லாம் கணக்கில்லை. திருகைத் தொட்ட கைதான் பொறுப்பு. வந்தவன் கை திருகில் பட்ட பிறகுதான் இருப்பவன் எழுந்திருப்பான். அதுவரை வீட்டில் சாவு என்றாலும் உட்கார்ந்திருப்பான்.

கம்பெனியை மூடிய அன்று காலை ஷிப்ட் அரசப்பனுடையது. மதியம் வந்து வாங்கிக்கொள்ள வேண்டியவர் துளசிராமன். கேட் பூட்டப்போகிறார்கள், வர வேண்டாம் என்று அவருக்குச் சொல்லியனுப்பிவிட்டார்கள். அவரும் போகவில்லை. அரசப்பன் மட்டும் ஸ்டூலை விட்டு எழவில்லை. "துளசி வரட்டும், குட்த்துட்டு எறங்கறேன்," என்றானாம். தீயை அணைத்தார்கள், எழவில்லை. பாய்லர் ஆறியது, எழவில்லை. கடைசியில் செக்யூரிட்டிக்காரர்கள் ஸ்டூலோடு தூக்கி இறக்கினார்கள். எல்லோரும் சிரித்தார்கள், கேள்விப்பட்டு துளசிராமனும் சிரித்தார். ஆர்.கே.பேட்டையில் சொந்த வீட்டில், வெறும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தே நாலைந்து வருஷத்தை அரசப்பன் கழித்தான் என்று அவன் சாவுக்குப் போனபோதுதான் தெரிந்தது. பாடையில் படுக்க வைக்க முட்டியை நீட்ட முடியவில்லை.

சனிக்கிழமை மழை இன்னும் கனத்தது. புயல் பழவேற்காட்டுப் பக்கம் கரையேறுகிறது என்று ரேடியோ சொன்னதோடு கரண்ட் போயிற்று. மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே வீட்டுக்குள் விளக்கு வைக்க வேண்டிய இருட்டு. ஜன்னல் கம்பிகள், காயவைத்த வேட்டி, கொடியில் தொங்கிய செல்வியின் பழைய பை எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே சாம்பல் நிறத்தில் நின்றன. பேசாமல் பர்னரைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் நேற்று கேட்ட சத்தம் பழைய காதின் கோளாறு என்று நிரூபித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அந்தச் சந்தேகத்தை ஓசூருக்குக் கொண்டு போய் மாடி ரூமில் வைத்துக்கொள்ள முடியாது. தவிர, நீலமாக ஒரு வெளிச்சம் இருந்தால் தேவலை. தனியாக இருக்கிற மனுஷனுக்குத் தீயும் ஒரு துணைதான்.

பற்றவைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் பாட ஆரம்பித்தது. முள் ஏறியது. நேற்றைவிட முனகல் தாழ்ந்திருந்தது. காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது. சுவரில் சாய்ந்தவர் சட்டென்று முதுகை எடுத்துக்கொண்டார். சுவர் சூடாக இருந்தது. மழை அறைந்துகொண்டிருந்த வெளிச்சுவர். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பெரிய இரும்பு ஒன்று சூடாகும்போது விரிந்து கிளுக் கிளுக்கென்று முனகுமே, அந்தச் சத்தம் செங்கல்லுக்குள்ளிருந்து வந்தது.

காக்களூர் எஸ்டேட்டில் எங்கோ மதிய ஷிப்ட் சங்கு ஊதியது. கரண்ட் இல்லாத நாளில் எப்படி ஊதியது என்று அவர் யோசிக்கவில்லை.

அவர் கை, சங்குக்குப் பதில் சொல்கிற பழைய பழக்கத்தில், விசில் கம்பியை இழுத்தது.

குருவிச் சத்தம் வரவில்லை. ஜன்னல் கம்பிகள் அதிரும் கனத்த ஊளை. கம்பெனியின் பெரிய விசில்.

இரும்புப் படியில் கால்.

இறங்கவில்லை. இந்த முறை கால் ஏறியது. ஏறிக்கொண்டிருந்தது துளசிராமனேதான். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் எப்போது எழுந்து வாசல் பக்கம் வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. ஈரச் செருப்பு. கையில் குடை. வேலைக்கு வருகிறவன் மாதிரி அவர் கதவருகே நின்றிருந்தார்.

ஸ்டூலில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான்.

காக்கிச் சட்டை. முதுகு. இரண்டு முட்டியும் ஒட்டியிருந்தன. கைகள் தொடைமேல். தலை கேஜ் கிளாஸ் பக்கம். தீயின் நீலம் அவன் காது வழியாகத் தெரிந்தது.

"இன்னா துளசி," என்றது முதுகு. "லேட்டு."

குரலில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ரொம்ப நேரம் பஸ்ஸுக்கு நின்றவன் குரல்.

"அரசப்பா..."

"தண்ணி சரி. பிரஷர் சரி. ஆயிலு பாதி டேங்கு கீது."

அவ்வளவுதான். கொடுப்பவன் சொல்ல வேண்டிய அத்தனையும் சொல்லியாயிற்று. முதுகு கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டது. துளசிராமன் ஓடியிருக்கலாம். கதவு அவருக்குப் பின்னால்தான் இருந்தது. ஆனால் முப்பது வருஷம் மதியம் தோறும் இந்த வார்த்தைகளைக் கேட்டவுடன் நீண்ட கை அது. அதற்கு மூளையின் அனுமதி தேவைப்படவில்லை. பித்தளைத் திருகைத் திறந்தது. தண்ணீர் சீறியது. மட்டம் இறங்கியது. மூடியது. மட்டம் ஏறியது.

பக்கத்தில் முட்டி ஒன்று நீளும் சத்தம். காய்ந்த விறகு ஒடிகிற மாதிரி. இன்னொரு முட்டி.

"அப்பாடி," என்றான் அரசப்பன்.

இரும்புப் படிகளில் கால்கள் துள்ளி இறங்கின. சின்னப் பையன் ஸ்கூல் விட்டு ஓடுகிற மாதிரி. தூரத்தில் தேய்ந்தன.

துளசிராமன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடியில் மட்டம் நடுவில் நின்றது. நல்லது. அவர் எழ நினைத்தார். நினைத்ததுமே மட்டம் இறங்கியது. சுவர்கள் முனகின. முள் துடித்தது. இந்த முழங்கை நீளச் செம்புக்குப் பின்னால், சுவருக்குப் பின்னால், மழைக்கும் பின்னால், பெரிதாக ஒன்று இறுகிக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவர் பார்வை கண்ணாடிக்குத் திரும்பியதும் மட்டம் ஏறியது. முனகல் அடங்கியது.

கையை நீட்டி ஊசி வால்வை மூடினார். தீ நின்றது, நீலமாக. கேஸ் டப்பாவைத் திருகிக் கழற்றித் தரையில் உருட்டினார். காலி டப்பா மாதிரி உருண்டு போயிற்று. தீ நின்றது.

போன் அடித்தது. சமையலறை மேடைமேல். எட்டு அடி எடுத்து வைத்தால் எடுத்துவிடலாம். அவர் கண்ணை எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. கல்பனா. வேறு யாரும் அவருக்குப் பண்ணுவதில்லை. "வந்துடறேம்மா," என்றார் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. "வந்துடறேன்." போன் ஓய்ந்தது. சார்ஜ் தீர்ந்து செத்தது.

இருட்டியது. விடிந்தது. பசிக்கவில்லை. முட்டிகள் மடங்கிய இடத்தில் இறுகிவந்தன. நடுவில் எப்போதோ அழுதார். அழும்போது கண் மங்கியது. மட்டம் இறங்கியது. அழுகையை நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. கார் வந்து நிற்கும் சத்தம். கதவு திறக்கும் சத்தம். ஜானவியின் குரல், "தாத்தா! விசில்!" மாப்பிள்ளை பாக்கியராஜின் குரல், "சேறு பாப்பா, ஷூ பூரா ஆயிடும், நீ உள்ளாரயே இரு." வெள்ளிக்கிழமை போனுக்குப் பிறகு அவர் நேரில் கேட்ட, உயிருள்ள முதல் மனிதக் குரல்கள். எழ வேண்டும். பை கதவோரம் தயாராக இருந்தது. ஒரே ஒரு பை.

"நைனா! போன எட்க்க மாட்டியா? உயிரே போச்சி எனக்கு." கல்பனா உள்ளே வந்துவிட்டாள். மல்லிகை வாசம், கார் ஏசி வாசம். "காலங்காத்தால இத்தக் கட்டிக்கினு ஒக்காந்துகீற பாரு. முகம் இன்னா இப்டி கீது? நாஷ்டா துன்னியா இல்லியா?"

தொடாதே என்று சொல்ல வாயைத் திறந்தார். ஓடிப்போ என்று. குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடு என்று.

"தண்ணி சரி," என்றது அவர் வாய். "பிரஷர் சரி."

"ஆமா, ரொம்ப முக்கியம்." அவள் அவர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். அவர் அசையவில்லை. குனிந்து தீயைப் பார்த்தாள். வால்வைத் தொட்டாள், மூடியிருந்தது. தரையில் கிடந்த டப்பாவைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. "எதுலருந்து எரியுது இது?"

"ஆயிலு," என்றது வாய். "பாதி டேங்கு கீது."

அவர் கண்ணால் கெஞ்சினார். கண் கண்ணாடியை விட்டு வரவில்லை. அவள் அதைப் பார்க்கவில்லை.

"சரி, நீ வண்டிக்குப் போ நைனா. நான் அணைச்சிட்டு வரேன். இங்க ஒரு திருகு கீது பாரு, இதான் போலருக்கு."

வேண்டாம்.

வேண்டாம்.

கல்பனா.

தண்ணீர் சீறியது. மட்டம் இறங்கியது. அவள் திருகைத் திரும்ப மூடினாள். மட்டம் ஏறியது.

அவர் முட்டிகள் ஒடிகிற மாதிரி நீண்டன. "அப்பாடி," என்றது அவர் வாய், அவர் நெஞ்சுக்குள் அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே. கால்கள் எழுந்தன. பையை எடுத்தன. வாசலைத் தாண்டின. சேற்றில் துள்ளின. திரும்பிப் பார்க்க முடியவில்லை. ஷிப்ட் முடித்து இறங்கியவன் திரும்பிப் பார்ப்பதில்லை. காரின் பின்சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் கழுத்து அவருடையதாயிற்று.

திறந்திருந்த கதவு வழியாகத் தெரிந்தது. ஸ்டூலில் கல்பனா. முதுகு நேராக. இரண்டு முட்டியும் ஒட்டி. கைகள் தொடைமேல். கன்னத்தில் நீலம்.

பாக்கியராஜ் ஹாரன் அடித்தார். அவள் திரும்பவில்லை. மறுபடியும் அடித்தார்.

"அம்மாக்கு காதே கேக்கல," என்றாள் ஜானவி. கார்க் கதவைத் திறந்தாள். "இருங்க, நான் போய் இஸ்துக்கினு வரேன்."

துளசிராமன் அவளைப் பிடிக்கப் பார்த்தார். கைகள் பையை விடவில்லை.

சின்ன ஷூக்கள். சேற்றில் ஒன்று. இரும்புப் படியில் ஒன்று.

துளசிராமனே எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன அந்த பர்னர் இப்போது என் மேசைமேல்தான் இருக்கிறது. ஜெட்டைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன், அதில் துளையே போட்டிருக்கவில்லை.